திருகோணமலையில் சாப்பிட ஒன்றுமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழில் வந்த திருகோணமலைப் பயணக் கட்டுரையை வாசித்தேன். கோணேசர் கோயில், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், புறாமலை எல்லாம் நன்றாக வந்திருக்கின்றன. கோட்டைக்குள் மான் ஒன்று கட்டுரையாளரின் கடலைப் பொட்டலத்தைப் பறித்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் கொத்து ரொட்டியையும் பிரைட் ரைஸையும் விட்டால் ஊரில் சாப்பிட ஒன்றும் அகப்படவில்லை என்று எழுதியிருக்கிறாரே, அது தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சம்பந்தர் இங்கே வராமலே, கடலுக்கு அப்பால் நின்று கோணமாமலையைப் பாடினார் என்பது மரபு. உங்கள் கட்டுரையாளர் நேரிலேயே வந்திருக்கிறார். உப்புவெளி ஹோட்டல் வரிசையைத்தான் தாண்டவில்லைப் போலும்.

தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் போயிருந்தால் எருமைத் தயிர் கிடைத்திருக்கும். பாலைக் காய்ச்சி, சூடு தணிந்ததும் கொஞ்சம் உறை விட்டு மண்சட்டியில் ஊற்றி வைப்பார்கள். மிஞ்சிய தண்ணீரைச் சட்டியே உறிஞ்சிக்கொள்ளும். மேலே ஆடை கட்டி, அகப்பையால் வெட்டி எடுக்கிற பதத்தில் இருக்கும். ஹோட்டல்களில் இதன்மேல் கித்துள் பாணி, அதாவது கித்துள் பாகு, ஊற்றித் தருகிறார்கள். கித்துள் மலைநாட்டுப் பக்கத்து மரம். எங்கள் வீட்டில் சோற்றோடு தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைவோம். சாப்பிட்ட பிறகு ஒரு வேலையும் ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் கிண்ணியாவுக்குப் பாதைக்கு, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நின்றுதான் போகவேண்டும். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்தச் சாட்டும் இல்லை. அங்கே முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற நல்ல வட்டிலப்பமும் உண்டு.

அடுத்தது மீன். படங்களில் கடல் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தால் அவர் மார்கழியில் வந்திருக்கிறார். வாடைக்காற்று நேரம் எங்கள் கடல் யாருக்கும் முகம் கொடுக்காது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் வரவேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களும் அப்போது இங்கே வந்து வாடி என்கிற கடற்கரைக் குடில் போட்டுத் தங்குவார்கள். காலையில் கரைவலை கரை சேரும்போது சூடை மீன் வெள்ளி வெள்ளியாகத் துள்ளும். அதை உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டி, முள்ளும் நொறுங்கும்படி முறுகப் பொரித்து, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டிய சூட்டோடு பிட்டும், தேசிக்காய் (எலுமிச்சை) புளி விட்ட தேங்காய்ப்பால் சொதியும் சேர்த்துச் சாப்பிட்டால் தெரியும். இது எந்த ஹோட்டல் மெனுவிலும் என் கண்ணில் பட்டதில்லை. வெளிநாட்டவருக்காக உறைப்பைக் குறைத்துச் சமைப்பது அவர்களுடைய பிழைப்பு, அதில் எனக்குக் கோபமில்லை. அதை ஊர்ச் சாப்பாடு என்று அச்சில் போடுவதுதான் பொறுக்கவில்லை.

அடுத்த முறை அவரை ஆனி, ஆடியில் அனுப்புங்கள். நகரத்துக்குள் தங்கட்டும், விடிய எழும்பட்டும். திரும்பும்போது தயிர்ச் சட்டி வாங்கினால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலடியில் வைத்தால் வழியிலுள்ள ஹபரணை வரைக்கும் தாங்காது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை.