வாசல் எந்தப் பக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரியனைப் பின்தொடர்ந்து சுழலும் வீடுகளைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். இத்தாலியில் வெரோனாவுக்கு அருகே இன்வெர்னிட்ஸி என்ற பொறியியலாளர் 1935இல் கட்டிமுடித்த ஜிராசோலே வீடு, தண்டவாளத்தில் ஏறி 9 மணி 20 நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று வரும் என்பதை வியந்துதான் படித்தேன். ஆனால் போகிற போக்கில், “வாசல் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது அவரவர் விருப்பம்” என்று எழுதிவிட்டீர்கள்.

யாருடைய விருப்பம் ஐயா?

நான் பிறந்தது இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில், முதுகோடு முதுகு ஒட்டிய ஓர் இரட்டை லயத்தில். முன் வரிசைக்குக் காலை வெயில் விழும். எங்கள் வரிசை மேற்கைப் பார்த்தது. ஆடி மாதத்தில் தென்மேல் காற்று மழையை வாசலுக்குள்ளேயே கொண்டுவந்து கொட்டும். கொழுந்தெடுத்துத் திரும்பிய அம்மாவின் நனைந்த கம்பளி அடுப்புப் புகையில்தான் காயும். மூச்சிழுப்பு நோய்க்காரரான அப்பா விடிந்ததும் முன் வரிசைத் திண்ணையான இஸ்தோப்பில் போய் உட்காருவார். வெயிலுக்காக அடுத்தவர் வாசலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த அவருடைய கூச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

லயம் எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்றும் எங்களை யாரும் கேட்டதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மீது மண் சரிந்தபோது இதையே உங்களுக்கு எழுதினேன். நீங்கள் பிரசுரிக்கவில்லை.

பிறகு 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் எங்களுக்கும் தனி வீடு வந்தது. நன்றியோடுதான் குடிபுகுந்தோம். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வரைபடம். எங்கள் கிழக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத சுவர். படுக்கையறை ஜன்னல் வெட்டிய மண்மேட்டைப் பார்க்கிறது. அத்திவாரம் வெட்டுமுன் அதிகாரியிடம் சொன்னேன். “பிளானை மாற்ற முடியாது” என்றார். வீட்டைச் சுழற்றித் தரும்படி நான் கேட்கவில்லை, அந்தத் தாளைத் திருப்பிப் பிடிக்கும்படி கேட்டேன். இன்று என் பேத்திக்கும் அதே இழுப்பு.

மலையகத்தில் மத்தியானத்துக்குப் பின் பெரும்பாலும் மேகம் மூடிவிடும். எங்களுக்குக் கிடைப்பது காலை வெயில் மட்டும். பனி கடுமையான மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும். இது தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும்.

உங்கள் ஞாயிறு இதழில் வீட்டு வரைபடங்கள் வருகின்றன. ஒன்றிலாவது வடக்கு எது என்ற குறி இருப்பதில்லை. இனிமேல் அதைச் சேர்த்து அச்சிடுங்கள். எங்கள் பிள்ளைகள் அவற்றை வெட்டி வைத்துக்கொண்டுதான் வீடு கட்டுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை