உன் காரைப் பொம்மையாகக் காட்டாதே

கண்ணா,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் ரிமோட் கன்ட்ரோல் கார்கள் அருமை, படங்களைப் பற்றி அப்படிச் சொல்ல மனசு வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அந்தச் சிவப்புக் காரை உன் அப்பாவிடம் காட்டினேன், "யார் வீட்டுக் குழந்தையோட பொம்மை?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பெயின்ட் அடித்து, ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் மாற்றி, ஒவ்வொரு திருகாக முடுக்கி நீ செய்த வண்டிடா அது.

குற்றம் காரில் இல்லை. நீ நின்றபடியே எடுக்கிறாய், அதுதான். உன் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேலே இருக்கிறது, கார் நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, கணக்குப் போட்டுப் பார், அந்தக் காரின் உலகத்தில் நீ ஐந்து மாடிக் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறாய். நிஜக் காரை ரோட்டில் அப்படியா பார்க்கிறோம்? நம் கண் உயரத்தைப் பத்தால் வகுத்தால் 15, 16 செ.மீ. வரும். லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கணும், இன்னும் கீழே போனாலும் நல்லதுதான், கார் கம்பீரமாக நிற்கும். படுத்து எடு. படுக்க முடியாத இடமென்றால் கேமராவைத் தரையில் வைத்துத் திரையை மேல்பக்கம் திருப்பிக்கொள். போன் என்றால் தலைகீழாகப் பிடி, லென்ஸ் தரையோடு வந்துவிடும், படம் தானாகவே நேராகிக்கொள்ளும்.

அடுத்தது, ரொம்பக் கிட்டே போகாதே. க்ளோஸ்அப் என்றதும் எல்லாரும் போனைக் காரின் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நீட்டுகிறார்கள். போனின் வைட் லென்ஸில் அவ்வளவு கிட்டே எடுத்தால் முன்பம்பர் வீங்கி, பின்பக்கம் சூம்பிப்போகும். ஒரு மீட்டர் தள்ளி வந்து 2x அல்லது 3x வைத்து எடு, மிச்சத்தை வெட்டிக்கொள்ளலாம். கேமராவென்றால் 100 மி.மீ. பக்கம் உள்ள லென்ஸ் எதுவும் போதும், மேக்ரோ (சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) கட்டாயமில்லை, காரின் மொத்த உருவத்துக்கு அது தேவைப்படவே படாது. பாடி கிளிப், ஷாக் ஸ்பிரிங், ரிம்மின் நட்டு என்று இறங்கும்போது மேக்ரோ வேண்டும்.

பின்புலம் மங்கணும் என்று அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் துளையை, முழுசாகத் திறந்து வைத்திருக்கிறாய் போல, ஒரு ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று இருக்கிறது, கதவிலிருந்து பின்னால் எல்லாம் மசமசவென்று. அழகுதான், ஆனால் அந்த மங்கல்தான் காட்டிக்கொடுக்கிறது. நிஜக் காரைச் சில மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறோம், அதனால் முன்னும் பின்னும் தெளிவாக விழும். பாதி கார் மங்கியிருந்தால் சின்னப் பொருளைப் பக்கத்தில் வைத்து எடுத்திருக்கிறார்கள் என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். எஃப்/8, எஃப்/11 வரை மூடு. எஃப்/16 தாண்டினால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்கக் கொஞ்சம் மழுங்கும், அங்கே போகாதே. வெளிச்சம் குறைகிறது என்றால் ட்ரைபாடில் வைத்து 2 நொடி டைமர் போடு, நிற்கிற கார் ஓடியா போகப்போகிறது? அதிலும் தெளிவு போதவில்லை என்றால் ஃபோகஸை மூக்கிலிருந்து வால் வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்து மென்பொருளில் ஒன்றாகச் சேர்த்துக்கொள். பின்புலத்தை மங்கவைக்க வேறு வழி இருக்கிறது, காரைச் சுவரிலிருந்தும் செடியிலிருந்தும் நன்றாகத் தள்ளி வை.

எடுப்பதற்கு முன்னால் தூசி. உன் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் பருக்கை அந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும். மெல்லிய பிரஷ்ஷால் தட்டு, ஓட்டிவிட்டு வந்த காரென்றால் அந்த மண்ணே அழகு, அதை விட்டுவிடு, விரல் ரேகையை மட்டும் துடை. புல்லில் வைத்து எடுக்காதே, ஒரு புல் இதழ் கதவு உயரத்துக்கு நிற்கும், அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அந்த பாலிகார்பனேட் பாடிக்குப் பெயின்ட் உள்பக்கம்தானே அடிக்கிறாய், வெளிப்பக்கம் சும்மா வழவழவென்று இருக்கிறது, அதனால் வானம் முழுக்க அதில் விழுகிறது. லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசிங் ஃபில்டரைத் திருப்பிப் பார், ஒரு கோணத்தில் பளபளப்பு இறங்கி உன் நிறம் மேலே வரும், பதிலுக்கு வெளிச்சத்தில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தின்னும். உச்சி வெயிலில் எடுத்தால் வீல் ஆர்ச்சுக்குள் இருட்டுதான், கறுப்பு டயரும் கறுப்பு நிழலும் ஒட்டிக்கொள்ளும். ஒரு வெள்ளை அட்டையைப் படத்துக்கு வெளியே தரையில் சாய்த்து வை, வெளிச்சம் அதில் பட்டு உள்ளே விழும், போதும்.

முன்சக்கரத்தைக் கொஞ்சம் ஒடித்து, ரிம் கேமராவைப் பார்க்கிற மாதிரி வைத்தால் காருக்கு உயிர் வரும். அதற்காகக் கையால் முறுக்காதே, சக்கரத்தைத் திருப்புகிற சர்வோ மோட்டாரின் பல் போய்விடும். கையில் பிடிக்கிற டிரான்ஸ்மிட்டரை முதலில் போட்டு, அப்புறம் காரைப் போட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எடு. வேகம் கொடுக்கிற த்ராட்டிலில் விரல் படாமல் பார்த்துக்கொள்.

சரி, ஓடுகிற காருக்கு வருகிறேன். அதில்தான் உனக்கும் எனக்கும் சண்டை. ஷட்டரை 1/4000 நொடி வைத்து எல்லாவற்றையும் உறைய வைத்திருக்கிறாய். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். 1/1000 நொடியில் கார் 1 செ.மீ. நகரும், 1/100 நொடியில் 10 செ.மீ. சக்கரத்தைப் பார்: 63 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 20 செ.மீ. போகிறது, ஆக நொடிக்கு 50 சுற்று. 1/4000-ல் அது 4, 5 டிகிரிதான் திரும்பும், ஸ்போக் எல்லாம் தெளிவாகத் தெரியும், கார் பார்க்கிங்கில் நிற்கிற மாதிரி இருக்கும். 1/100-ல் அரைச் சுற்றுச் சுற்றிவிடும், ரிம் வட்டமாகக் கலங்கும், ஓடுகிற வண்டி என்று யாரும் சொல்லித் தர வேண்டாம்.

அந்த ஷட்டர் வேகத்தில் பாடி தெளிவாக வர வேண்டுமானால் காரோடு சேர்ந்து கேமராவைத் திருப்பணும், பேனிங். இடுப்பிலிருந்து திரும்பு, கையை ஆட்டாதே, ஷட்டரை அழுத்தின பிறகும் திரும்பிக்கொண்டே இரு. 1/250-ல் ஆரம்பித்து, கை பழகப் பழக 1/125, 1/60 என்று இறக்கு. இங்கே இன்னும் தள்ளி நில்: 2 மீட்டரில் நின்றால் கார் சட்டென்று கடந்துவிடும், மூக்கும் வாலும் வேறு வேறு கோணத்தில் நகர்வதால் ஏதோ ஒரு பக்கம்தான் தெளியும். 8, 10 மீட்டர் தள்ளி 200 மி.மீ. லென்ஸில் எடுத்தால் நிதானம் கிடைக்கும், குனிந்தே எடு. நிறையப் படம் வீணாகும், அதற்கென்ன, ஃபிலிமா போட்டிருக்கிறாய்? நீயே ஓட்டி நீயே எடுக்க நினைக்காதே. நண்பனை ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்.

தாவுகிற படத்துக்கு மட்டும் 1/1000, அதற்கு மேல். மேடு எங்கே என்று தெரியும், அங்கே முன்னாடியே ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டு பர்ஸ்டில், அதாவது தொடர் படமாக, அழுத்து. உச்சியில் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் ஒரு கணம் இருக்கும், அதுதான் சரியான இடம். தரையையோ நிழலையோ ஃபிரேமுக்குள் வை, வெறும் வானம் என்றால் நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும், எவ்வளவு உயரம் என்றும் தெரியாது. சைலன்ட் ஷட்டரை அணைத்துவிடு. அதில் பல கேமராக்களில் சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், பக்கவாட்டில் பாய்கிற காரும் சக்கரமும் சாய்ந்து நெளிந்து வரும். போனிலும் இதே தொல்லை உண்டு.

வளைவின் வெளிப்பக்கம் படுக்காதே. கட்டுப்பாடு போன கார் அங்கேதான் வரும், கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்திருப்பவனுக்கு அது தெரியாது. உள்பக்கமோ தடுப்புக்குப் பின்னாலோ இரு. புழுதியில் லென்ஸ் மாற்றாதே.

இனிமேல் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பு, சும்மா போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடுகிறது, என்ன ஷட்டர், என்ன அபர்ச்சர் என்ற விவரமும் போய்விடுகிறது, நான் குத்துமதிப்பாகத்தான் திட்ட வேண்டியிருக்கிறது. அப்புறம், அந்தச் சிவப்புக் காரின் பின் விங் இடது ஓரத்தில் ஒரு விரிசல் தெரிகிறது, திருகுக்குப் பக்கத்தில். அது தெரியுமா உனக்கு, இல்லை எனக்குத் தெரியாமல் மறைத்து எடுத்ததாக நினைப்பா?

அம்மா