கழிமுக மீனின் தலையை எறிந்துவிடாதீர்கள்

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும்,

வணக்கம். கொள்ளிடம், அரசலாறு, வெட்டாறு, முத்துப்பேட்டைக் காயல் என்று டெல்டாவின் முகத்துவாரங்களில் மாசு பார்க்க மீன் எடுக்கும்போது சதையும் ஈரலும் செவுளும் ஆய்வுக்கூடத்துக்குப் போகும். தலை வழக்கமாகக் குப்பைக்குப் போகும். அந்தத் தலைக்குள் இருக்கும் செவிக்கல்லையும், அதாவது மீனின் உட்காதில் அடுக்கடுக்காகப் படிந்து வளரும் சிறு கல்லையும், எடுத்து வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

மடவை கடலில் முட்டையிடும். குஞ்சு கழிக்குள் ஏறி வளரும். வளர்ந்தது வெளியே போய்வரும். வலையில் விழுந்த மடவை போன மாதம்தான் கடலிலிருந்து வந்ததென்றால், அதன் ஈரலில் நச்சு உலோகமான காட்மியம் குறைவாக இருப்பதை வைத்துக் கழிமுகம் சுத்தம் என்று எழுத முடியாது. அந்த மீன் எங்கே வாழ்ந்தது என்பதைச் செவிக்கல் சொல்லும்.

செவிக்கல்லைக் காதெலும்பு என்று சொன்னாலும் அது எலும்பல்ல, சுண்ணாம்புக் கல். ஒருமுறை படிந்தது பிறகு கரைவதில்லை. நடுப்பகுதி குஞ்சுப் பருவம், ஓரம் கடைசி வாரங்கள். பொதுவாக மீன் கடல்நீரில் வாழும்போது ஸ்ட்ரான்சியமும் ஆற்றுநீரில் வாழும்போது பேரியமும், கால்சியத்தோடு ஒப்பிட்டால், கல்லில் கூடுதலாகப் பதியும்.

மண்டையோட்டின் மேல்மூடியைக் கிடையாகச் சீவி மூளையை ஒதுக்கினால் இருபுறமும் கல் தெரியும். கத்தாளையில் பெரியது, எளிது. ஒரு மீனில் மூன்று ஜோடிக் கல் உண்டு. கடல் கெளுத்தியில்தான் ஏமாறுவார்கள்: மற்ற மீன்களில் பெரிதாக இருக்கும் ஜோடி அதில் சிறியது, வேறொரு ஜோடிதான் பெரியது. எந்த ஜோடி என்று குறிக்காவிட்டால் ஒப்பீடே வீண். பிளாஸ்டிக் இடுக்கியால் எடுங்கள். எஃகு உலோகத் தடயம் விடும். சவ்வை உரித்து, தூய நீரில் அலசி, உலர்த்தி, பிளாஸ்டிக் குப்பியில் வையுங்கள். ஃபார்மலினில் போடவே வேண்டாம். அது அமிலமாகிக் கல்லை அரிக்கும். இடக்கல் வடிவ அளவீட்டுக்கு, வலக்கல் வேதியியலுக்கு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

ஒரு கழிமுகத்துக்கு, ஒரு பருவத்துக்கு, ஒரே நீள அளவில் குறைந்தது 30 மீன் வேண்டும். 50 இருந்தால் நல்லது. பெரிய மீனையும் சிறிய மீனையும் கலந்தால் கல்லின் வடிவ வேறுபாடு வயதால் வந்ததா இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஏலக்கூடத்தில் வாங்காதீர்கள், எங்கே பிடித்தது என்பதற்கு உறுதியில்லை. கழியிலேயே வீச்சுவலை போடுபவரிடம் நேரில் வாங்கி, இடத்தையும் நேரத்தையும் அங்கேயே எழுதுங்கள். பளிங்கு போல ஒளி ஊடுருவும் கல் கிடைத்தால் தள்ளிவிடுங்கள். அதில் படிகமே வேறு, ஸ்ட்ரான்சியம் பொய்யாகக் குறையும்.

நீர் மாதிரி இல்லாமல் கல்லை மட்டும் படிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் ஒருமுறை, கடைமடைக்கு ஆற்றுநீர் வராத கோடையில் ஒருமுறை எடுங்கள். ஓரளவு உப்பு ஏறியதுமே ஸ்ட்ரான்சியம் விகிதம் கடல்நீரின் அளவை நெருங்கிவிடும். பாதி உப்பையும் முழு உப்பையும் அது பிரிக்காது. ஆற்று வண்டலில் ஒட்டிய பேரியம் உப்பு பட்டதும் நீரில் இறங்குவதால், முகத்துவாரத்தின் நடுவே அளவு திடீரென உயரும்.

செம்பு, துத்தநாகத்தைச் செவிக்கல்லில் அளந்து மாசுக் கணக்கு போட வேண்டாம் என்றும் வற்புறுத்துகிறோம். அவற்றை மீனின் உடலே பெரிதும் கட்டுப்படுத்துகிறது. மாசுக்கு ஈரலும் செவுளும், வாழ்ந்த இடத்துக்குக் கல். இரண்டும் ஒரே மீனிலிருந்து, ஒரே எண்ணின் கீழ் வர வேண்டும்.

கல்லின் வடிவத்தையும் வேதியியலையும் வைத்து மீன் எந்தக் கழியில் வளர்ந்தது என்று பிரிக்கும் கணினி வகைப்பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. நீங்கள் மாதிரி எடுக்காத கழியிலிருந்து வந்த மீனையும் அது தெரிந்த கழிகளில் ஒன்றுக்குள் திணித்துவிடும். அதனால் இரண்டு கழிகளை மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதாமல், பக்கத்து முகத்துவாரங்களையும் கரையோரக் கடலையும் சேர்த்து எடுங்கள். மீன்கள் கழிவாரியாகப் பிரிந்து தெரிந்தாலும் அவை தனித்தனி இனப்பெருக்கக் கூட்டங்கள் என்று ஆகாது. வேறு வேறு நீரில் வளர்ந்தவை என்பது மட்டுமே தெரியும். இனப்பெருக்கத்தைச் சொல்ல மரபணு வேண்டும். அதற்குத் துடுப்பில் ஒரு துண்டு வெட்டி எத்தனாலில் போட்டு வைத்தால் போதும்.

இப்படிக்கு,
கழிமுக மீன் ஆய்வில் ஈடுபட்டிருப்போர்