ஒன்றாம் வகுப்பில் ஒரு வாரம்

பாம்பன்,
ஜூலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். கச்சான் காற்று விடாமல் அடிக்கிறது, வாசல் பெருக்கிய கையோடு மறுபடி மணல் வந்து நிற்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "பிள்ளைங்க வாயே திறக்கலம்மா, கேட்டா தெலுங்குல ஏதோ சொல்லிட்டுத் திரும்பிக்கிறாங்க, இன்னும் ஒரு எழுத்துகூட நகரல" என்றாய். நீ ஒன்றாம் வகுப்பு எடுக்கிற தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தானே பேச்சு, அந்தப் பிள்ளைகள் வேறு என்ன செய்யும்? போனில் பேசினால் நடுவில் சிக்னல் போய்விடுகிறது. அதனால் போன வாரம் என் வகுப்பில் நடந்ததை எழுதுகிறேன். உனக்கு ஆவதை எடுத்துக்கொள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுத்துக்கு அவசரப்படாதே. பிள்ளை பேசட்டும். எந்த மொழியில் பேசினாலும் சரி, உன் முன்னால் வாய்விட்டுப் பேச வேண்டும். பேச்சு வராத பிள்ளைக்கு நீ எழுதிப்போடும் எழுத்து கரும்பலகையோடு நின்றுவிடும்.

திங்கட்கிழமை காலை உணவு உப்புமா. சாப்பிட்டு வந்ததும் பாயை விரித்து வட்டமாக உட்கார வைத்து, "வீட்டில் என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மீன்பிடித் தடைக்காலம் முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தானே நிற்கும், அதனால் அப்பாமார்தான் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது அம்மா, இல்லாவிட்டால் அப்பத்தா. அந்த மாற்றத்திலேயே சில பிள்ளைகள் வாடிப்போய் இருந்தார்கள். ஒரு பையன் மூன்று வாரமாக என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்குத் திடீரென்று, "எங்கப்பா நகரை மீனு கொண்டாந்துச்சு, அதுக்கு முதுகுல முள்ளு இருக்கும், குத்துனா கடுக்கும்" என்றான். அவ்வளவுதான், வகுப்பே பேச ஆரம்பித்துவிட்டது. திருக்கைக்கு வாலில் முள் என்றது ஒன்று. கடல் அட்டை எடுத்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றது இன்னொன்று. 2001இல் வந்த தடையை ஐந்து வயதுப் பிள்ளை சொல்கிறது, பார்த்துக்கொள். இவர்களைப் பார்த்து ஒன்றும் தெரியாத பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்தப் பேச்சிலிருந்தே 'ட' எடுத்தேன். நான் 'அ'வில் தொடங்குவதில்லை. அதன் சுழியைப் போடுவதற்குள் பிஞ்சு விரல் களைத்துவிடும். மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு, 'ட' வந்துவிட்டது. அந்தக் கோட்டை மேலே தூக்கினால் 'ப'. 'ப'வின் வலது கையை உள்ளே மடக்கினால் 'ம'. நோட்டு வேண்டாம், பென்சில் வேண்டாம். தாம்பாளத்தில் கடற்கரை மணலைப் பரப்பி விரலால் எழுதச் சொல். தப்பாகப் போனால் ஒரு ஆட்டு ஆட்டினால் அழிந்துவிடும். அடித்துத் திருத்திய தடம் தெரியாததால் பிள்ளை பயமில்லாமல் எழுதும்.

செவ்வாய்க்கிழமை பெரிதாக ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரை திரும்பும். செவ்வாய் விடியும் முன்பே வீடு முழுக்க விழித்துக்கொள்ளும், பிள்ளையும் விழித்துக்கொள்ளும். பத்து மணிக்குக் கண் சொருகும். அதனால் அன்றைக்குப் பாட்டும் படம் வரைவதும் மட்டும். தூங்குகிற பிள்ளையை நான் எழுப்புவதில்லை. உங்கள் ஊரில் சந்தை என்றைக்கு, தக்காளி பறிப்பது என்றைக்கு என்று விசாரித்து வை. கால அட்டவணையைவிட அது முக்கியம்.

இன்னொன்றும் இந்த ஊரில் உண்டு, உனக்கே தெரியும். எல்லை தாண்டியதாகப் படகைப் பிடித்துவிட்டார்கள் என்று செய்தி வருகிற காலை. அன்றைக்கு நான் பாடம் எடுப்பதில்லை. அந்தப் படகில் போனவரின் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

புதன்கிழமைதான் எனக்கு இந்த வாரத்தின் பெரிய நாள். மதியம் பள்ளி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம், ராமேஸ்வரம் பஸ் வந்து நின்றது. அந்த நகரை மீன் பையன் பக்கவாட்டுப் பலகையைக் காட்டி, "டீச்சர், கடைசில 'மடம்'னு போட்டுருக்கு" என்றான். தங்கச்சிமடம்! முன்னால் இருக்கும் எழுத்துகள் ஒன்றும் அவனுக்குத் தெரியாது, ஆனால் ம, ட இரண்டையும் பிடித்துவிட்டான், கடைசியில் 'ம்' தானாக வாயில் வந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் 'ண்' ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மண்டபத்தை வகுப்பே படித்தது. ட, ப, ம, ண் என்று நாலே எழுத்தில் தினமும் காதில் விழுகிற ஒரு ஊர்ப் பெயர். உன் பக்கத்தில் 'தளி' இருக்கிறதே, இரண்டே எழுத்து. பஸ் பலகையில் தினமும் பார்க்கிற ஊர். அங்கிருந்து தொடங்கு. ராகி என்கிற பெயர் தெலுங்கு வீட்டிலும் கன்னட வீட்டிலும் உண்டு, அதையும் எழுதிப்போடு. வீட்டில் புழங்குகிற சொல்லைப் பலகையில் பார்த்தால் பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கணக்குக்குப் பனை ஈர்க்கு. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டச் சொன்னேன். கட்டு ஒன்று, உதிரி மூன்று என்றால் பதிமூன்று. இது 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஆசிரியர் பயிற்சியில் உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அதனால் விரித்து எழுதவில்லை. ஆனால் கூறு வைப்பதைச் சொல்லியாக வேண்டும். சோவியை, அதுதான் சோழியை, குவித்துக் கொடுத்து நாலு பேருக்குக் கூறு வை என்றேன். ஏலக்கரையில் பார்த்த கைகள், ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்துக்கொண்டே வந்தன. கடைசியில் இரண்டு மிஞ்சியது. "இது யாருக்கு?" என்று கேட்டேன். "படகுக்கு ஒரு பங்கு உண்டுல்ல டீச்சர்" என்றாள் ஒருத்தி. வகுத்தல் மூன்றாம் வகுப்பில் வரட்டும். பங்கு என்றால் என்ன என்பது இவளுக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சின்னப்பாலத்திலிருந்து ஒரு அப்பத்தாவை வரச் சொல்லியிருந்தேன். கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வாரே, அதை ஒவ்வொரு விரலாகச் சுற்றிக் காட்டினார். குருசடை, புள்ளிவாசல், பூமரிச்சான், மனோலி, முயல்தீவு என்று தீவுகளின் பெயரை அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவு உண்டு, 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், இப்போது அனுமதியில்லாமல் அங்கே இறங்க முடியாது. "முன்னாடி தீவுலயே சோறாக்கித் தின்போம்" என்று அவர் சொன்னபோது பிள்ளைகளுக்கு அத்தனை வியப்பு. பள்ளிக்கூடத்துப் படி ஏறாத மனுசி அவர். போகும்போது தன் பேரன் மணலில் எழுதியிருந்த 'ப'வைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். இப்படி ஒருவரை மாதம் ஒருமுறையாவது கூப்பிடு. உங்கள் ஊரில் ராகிக் களி கிண்டுகிற ஒரு பாட்டி வந்து தெலுங்கிலேயே பேசட்டும், பிள்ளைகள் உனக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும். உனக்குத் தெரியாததை அவர்கள் சொல்லித் தருகிற அன்றைக்குப் பேச்சு வந்துவிடும்.

யாராவது வந்து "ஜூலை ஆகியும் நோட்டு ஏன் காலியாக இருக்கிறது?" என்று கேட்டால் பயப்படாதே. பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசச் சொல், மணலில் எழுதச் சொல். அப்புறம் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஈர்க்குக் கட்டு, ஒரு பை சோவி, சலித்துக் காயவைத்த மணல் இரண்டு கிலோ. பவளத்துண்டு ஒன்றும் இல்லை, அதை எடுப்பது குற்றம் என்று உன் பிள்ளைகளுக்கும் சொல். நெத்திலிக் கருவாட்டைத் தனியாக மூன்று கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்துவிடாதே.

காலையில் சாப்பிடாமல் ஓடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எந்த எழுத்தில் தொடங்கினாய், முதலில் பேசியது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா