உலக்கை நாளைக்கும் நிற்கும்
(பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்)

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியர் இல்லை. குடுவை கழுவியவன், ஊசலுக்கு நூல் கட்டியவன், பிராக்டிகல் அன்று வாட்ச் கிளாஸில் உப்பை அள்ளி வைத்தவன். பாடத்திட்டம் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை என்னைப் போன்றவர்கள் பார்த்த அளவுக்கு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தேர்வு நாளில் நீங்கள் வரும்போது எல்லாம் துடைத்து வைத்திருப்போம்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. அரையாண்டு விடுமுறை. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை என்று நம் மாநிலத்துக்குக் குறுக்கே வளையச் சூரிய கிரகணம் போனது. எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். காலை ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் சுமார் மூன்று நிமிடம் நெருப்பு வளையமாக நின்றது. வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழுந்த ஒளிப் பொட்டுகள் ஒவ்வொன்றும் குட்டி வளையல்போலக் கிடந்தன. அதைப் பார்க்கத் தெருவில் நானும் இரண்டு நாய்களும்தான் இருந்தோம். கடை அடைப்பு, கதவு அடைப்பு. கர்ப்பிணிப் பெண் இருந்த வீட்டில் ஜன்னலுக்கும் போர்வை.

எதிர்வீட்டுத் திண்ணையில் மட்டும் ஒரு சிறு கூட்டம் ஒதுங்கி நின்றது. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி நடுவில் உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். கிரகண நேரத்தில் மட்டும்தான் உலக்கை தானாக நிற்கும் என்பது நம்பிக்கை. நிறுத்திய பெண் என் ஆய்வகத்தில் படித்தவள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள், அப்புறம் இயற்பியலில் பட்டமும் வாங்கியவள்.

"சார், நிக்குது பாருங்க" என்றாள்.

"நாளைக்கும் நிக்கும்மா" என்றேன்.

"நாளைக்கு எதுக்கு சார் நிறுத்தணும்?"

அவள் குறும்பாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். வீட்டுக்குள் போய் உட்கார்ந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. உலக்கையின் அடிப்பூண் தட்டையாக இருந்து, தரை சமமாக இருந்து, கை நடுங்காமல் பொறுமையாக வைத்தால் என்றைக்கும் நிற்கும். எடைமையம் அடிப்பாகத்துக்கு நேர் மேலே இருக்கிறவரை விழாது. இது அவளுக்குத் தெரியும். அன்றே கேட்டேன், சமநிலை பற்றிய விதியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். கிரகணம் ஏன் வருகிறது என்று கேட்டதற்கும் சந்திரன் குறுக்கே வருவதைச் சொன்னாள். ஆக, பாடம் அவளிடம் இருக்கிறது. கிரகணம் இல்லாத ஒரு நாளில் அதே உலக்கையை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை. பதினைந்து வருடப் படிப்பில் யாரும் அவளை அப்படிச் செய்ய வைக்கவில்லை. அந்த "யாரும்" என்பதில் நானும் அடக்கம்.

படித்தவர்களே இப்படி இருக்கிறார்களே, வாட்ஸ்அப் வந்து மக்களைக் கெடுத்துவிட்டது என்று தொலைக்காட்சியில் அங்கலாய்க்கிறார்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தார். நாடு முழுக்கக் கோயில் வாசல்களில் கரண்டியும் கையுமாக வரிசை நின்றது. அன்று யார் கையில் கைபேசி இருந்தது? பாலில் வண்ணம் கலந்து கொடுத்து, அது சிலையின்மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதை அறிவியலாளர்கள் காட்டினார்கள். பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தோல்போல இழுத்துப் பிடிக்கும் விசை. ஒன்பதாம் வகுப்பு படித்தவருக்கே பழக்கமான சொல். வரிசையில் நின்றவர்களில் அந்தச் சொல்லைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். அதனால் பழியைக் கைபேசிமேல் போட எனக்கு மனம் வரவில்லை.

சரி, ஆய்வகத்துக்கு வருகிறேன்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறையில் முழு மதிப்பெண் கிடைக்காவிட்டால்தான் எங்கள் பள்ளிகளில் செய்தி. பாவம், பிள்ளைகள் எழுத்துத் தேர்வில் திணறுவார்கள், இதிலாவது தேறட்டும் என்று எல்லோருக்கும் இரக்கம். இரக்கம் நல்லதுதான். அது என்ன வழியில் வேலை செய்தது என்று சொல்கிறேன்.

ரெக்கார்டு நோட்டு சீனியருடையதிலிருந்து இறங்கும். உப்புப் பகுப்பாய்வில் எந்தத் தட்டில் என்ன உப்பு என்பது மாணவர் உள்ளே வரும் முன்பே வராந்தாவுக்குப் போய்விடும். அதைக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். பழுப்பு வளையச் சோதனையைச் செய்யாமலே "பழுப்பு வளையம் தோன்றுகிறது, நைட்ரேட் உள்ளது" என்று முத்துமுத்தாக எழுதிய தாள்களை நான் அடுக்கி வைத்திருக்கிறேன். இயற்பியலில் இதற்குப் பெயரே உண்டு: "ரீடிங் போடுறது". விடை முன்னாலேயே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அளவீடுகளைத் தயாரித்து அட்டவணையை நிரப்புவது. சந்தேகம் வராமல் இருக்க இரண்டாம் தசம இடத்தில் கொஞ்சம் கலைத்தும் விடுவார்கள். அதில் சிலருக்கு இருந்த கைத்திறமை எனக்கு இன்றும் வியப்பு.

ஒரு பையனை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. தனி ஊசல் சோதனை. 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து, ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள விடை 9.8. அவனுக்கு 10.8 வந்தது. திரும்பச் செய்தான், மறுபடி 10.8. நூலை மாற்றினான், நீளத்தை மாற்றினான். 10.8, 10.9, 10.8. என்னிடம் வந்து, "சார், தப்பா வருது, ஆனா ஒரே மாதிரி தப்பா வருது" என்றான். எனக்கு அடுத்த வகுப்பு வருவதற்குள் மேசையைத் துடைக்க வேண்டும். "9.8-னு வர்ற மாதிரி போட்டுக்கோப்பா" என்றேன். போட்டுக்கொண்டான். முழு மதிப்பெண்.

அவன் என்ன செய்தான் என்பது எனக்கு விளங்க இரண்டு நாள் ஆனது. குண்டை விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருக்கிறான். "சுழி" என்று தொடங்க வேண்டும். அவன் 20 என்று நிறுத்தியபோது ஊசல் ஆடியது 19 தடவைதான். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து, இருமடி எடுத்து, நம் பக்கத்து 9.78-ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.8 வரும். அந்தப் பையன் செய்த அளவீடு அத்தனை சுத்தம்! தன் பிழையைத் தானே துரத்திப் பிடிக்க அவனுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். அதைப் பிடித்திருந்தால் சாகும்வரை மறந்திருக்க மாட்டான். நான் மேசை துடைத்தேன்.

ஆய்வகத்தில் நாங்கள் கற்றுக்கொடுத்தது இதுதான்: பெரியவர்கள் சொன்ன விடை முதலில், கண்ணால் கண்டது அதற்குத் தக்கபடி. இதைப் பழகி வெளியே போன பிள்ளை உலக்கையை நாளைக்கு எதற்கு நிறுத்திப் பார்க்கும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிரகணம் முடிந்து தலைக்குக் குளிப்பதும், அன்று சாப்பிடாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். என் வீட்டிலும் உண்டு. வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்காதே என்று பாட்டி சொன்னதும் சரியே, எந்த நாளிலும் பார்க்கக் கூடாது. என் ஆதங்கம் வேறு. சுவரில் தொங்கும் நாள்காட்டியில் கிரகணம் பிடிக்கும் மணி, விடும் மணி அச்சாகிறது. அந்த நிமிடத்தை எல்லோரும் நம்புகிறார்கள். அது நிமிடம் பிசகாமல் எப்படிக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டால் நம் ஊர்க் கதை ஒன்று கிடைக்கும். சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் இருந்தார். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்திக்குப் போய் ஆராய்ந்தவர். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப்போகும்படி கணிக்க வேண்டும் என்று வாதாடி, அந்தத் திருக்கணித முறைக்காக உழைத்தவர். 1874-இல் வெள்ளி கோள் சூரியனைக் கடந்தபோது, சாதாரண மக்களுக்குப் புரியட்டும் என்று சிறு நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். 150 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்த ஆளைப் பற்றி என் மாணவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. நானே ஓய்வுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கொடைக்கானலில் 1899 முதல் சூரியனை ஆராயும் நிலையம் இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். எங்கள் பிள்ளைகள் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனால் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள்.

2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு, 2025-26 முதல் இல்லை என்றாகிவிட்டது. அதனால் ஒரு வருடம் கொஞ்சம் மூச்சு விடக் கிடைத்திருக்கிறது. அதையும் பிளஸ் டூ பாடம் தின்றுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதற்குள் நான் கேட்பது பெரிதில்லை. செய்முறை மதிப்பெண்ணில் விடைக்கான பங்கைக் குறைத்து, உண்மையாக எடுத்த அளவீட்டுக்குக் கொடுங்கள். 10.8 வந்தவன் 10.8 என்று எழுதி, "ஏன் என்று யோசித்தேன், எண்ணியதில் பிழை இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினால் அவனுக்கு முழு மதிப்பெண் என்று விதியில் எழுதுங்கள். விதியில் இல்லாததை எந்த ஆசிரியரும் துணிந்து செய்ய மாட்டார். புறத்தேர்வாளர் கேள்வி கேட்பார் என்ற பயம் அவருக்கு. அப்புறம், வருடத்துக்கு ஒரு சோதனையாவது விடை யாருக்கும் தெரியாததாக இருக்கட்டும், ஆசிரியருக்கும் எனக்கும் சேர்த்து. ஊர்க் கிணற்றுத் தண்ணீரா, தெருவில் வந்த வதந்தியா, எதுவானாலும் சரி. உப்பின் பெயரை வராந்தாவுக்குக் கொண்டுபோக எனக்கு வழியே இருக்கக் கூடாது.

இன்னொன்று அவசரமானது. 2027 ஆகஸ்ட் 2 அன்று சூரிய கிரகணம். எகிப்துப் பக்கம் முழுதாக மறையும், நமக்கு மாலையில் பகுதி கிரகணம். அன்று திங்கட்கிழமை, பள்ளி நாள். பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அன்று யாராவது மனு கொடுப்பார்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். மைதானத்தில் நிறுத்துங்கள். சூரியனைப் பார்க்கும் கண்ணாடி எல்லோருக்கும் கிடைக்காவிட்டால் இடியாப்பத் தட்டு போதும், ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு கடிபட்ட சூரியன் தரையில் விழும்.

உலக்கையும் தாம்பாளமும் நான் கொண்டுவருகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணிடமும் சொல்லிவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுவோம். பள்ளியின் சாவியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், முதல் நாளே ஒரு தடவை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.