ஓடி வரும் ஆம்புலன்ஸுக்கு வழி உண்டு, நின்ற ஆம்புலன்ஸுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுஞ்சாலை விபத்துகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அடிபட்டவரை எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று விரிவாக எழுதியிருந்தீர்கள். அவரைத் தூக்குவதற்காக நடுரோட்டில் இறங்கி நிற்கிறவனைப் பற்றி ஒரு வரி இல்லை. தீயணைப்புத் துறையில் இருபத்தெட்டு வருடம் ஓடியவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே ஓர் இடம். விடியற்காலை மூன்று மணி, தூறல். லாரியின் பின்பக்கத்தில் ஒரு கார் சொருகிக் கிடந்தது. டிரைவருக்குக் கால் மாட்டிக்கொண்டது, ஆனால் பேச்சு இருந்தது. நாங்கள் எங்கள் வண்டியை விபத்தைத் தாண்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கட்டரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தோம். ஐந்து பேர், ஐந்து பேரும் வருகிற வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தோம். பின்னால் டயர் கிறீச்சிட்டது. ஓர் ஆம்னி பஸ் வழுக்கிக்கொண்டு வந்து சென்டர் மீடியனில் உரசி நின்றது. எனக்கும் அதற்கும் பத்தடி கூட இருக்காது.

எல்லோரும் சேர்ந்து பஸ் டிரைவரைத் திட்டினோம். நானும்தான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மழைக் கண்ணாடி. எதிரே ஏழெட்டு விளக்குகள் சிவப்பும் நீலமுமாகச் சுழல்கின்றன. எது நிற்கிறது, எது நகர்கிறது என்று தெரியாது. எச்சரிக்கை என்று நாங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு கோன், அதுவும் காரிலிருந்து பதினைந்தடி தள்ளி.

100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடும். டிரைவர் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்பதற்குள் காய்ந்த ரோட்டிலேயே 100 மீட்டர் போய்விடும். ஈர ரோடு, லோடு வண்டி என்றால் இன்னும் அதிகம். எங்கள் கோன் அவருக்குக் கொடுத்த அவகாசம் கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. காரை எப்படி வெட்டுவது, ஆளை எப்படி உருவுவது என்றெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ரோட்டில் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

இது பெரிய வித்தையும் இல்லை. முதலில் வருகிற பெரிய வண்டி விபத்துக்குப் பின்னால், வரும் போக்குவரத்தின் பக்கமாக, சற்றுச் சாய்வாக நிற்க வேண்டும். யாராவது வந்து இடித்தாலும் அந்த இடி ஆட்கள் மேல் பாயாதபடி முன்சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். கோன்கள் இருநூறு மீட்டர் பின்னாலிருந்தே சாய்கோடாக வர வேண்டும். ஆம்புலன்ஸ் அந்த மறைவுக்குள் முன்னால் நிற்கட்டும், ஸ்ட்ரெச்சர் ஏற்றுவது அதன் பின்கதவில்தானே. எதிரே வருகிறவர் கண்ணைக் குத்துகிற ஹெட்லைட்டை அணைக்க வேண்டும். ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல், விசிலோடு, வருகிற வண்டிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கடைசி ஆளை ஒதுக்குவதுதான் கஷ்டம். கை குறைகிறது என்று முதலில் அவரைத்தான் இழுத்துக்கொள்வோம்.

2023 ஜூலையில் அகமதாபாத்தில் நடந்தது நினைவிருக்கலாம். நள்ளிரவுக்குப் பிறகு, இஸ்கான் மேம்பாலத்தில் ஒரு ஜீப் லாரியில் மோதியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, போலீஸும் வந்தது. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சொகுசு கார் பாய்ந்ததில் ஒன்பது பேர் செத்தார்கள். அதில் ஒருவர் போலீஸ் கான்ஸ்டபிள், இன்னொருவர் ஊர்க்காவல் படைக்காரர். அதே வருடம் செப்டம்பரில், நம் திருப்பத்தூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே பழுதாகி நின்ற சுற்றுலா வேன் மீது பின்னால் வந்த மினி லாரி மோதி, வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஏழு பெண்கள் இறந்துபோனார்கள். ரோட்டில் நின்றுவிட்ட வண்டியைச் சுற்றி மனிதர்கள் இருக்கிற அந்த அரைமணி நேரம் எவ்வளவு மோசமானது என்பதற்கு இந்த இரண்டே போதும்.

வேடிக்கை என்னவென்றால், இதில் நம்மைவிட விவரமானவர் லாரி டிரைவர். வண்டி படுத்துவிட்டால் பக்கத்துப் புளியமரத்தில் ஒரு கிளையை ஒடித்து ஐம்பது அறுபது தப்படி பின்னால் போட்டு, நாலு கல்லும் வைத்துவிடுவார். வகுப்புக்குப் போய்ப் படித்ததல்ல. (வேலை முடிந்ததும் அந்தக் கல்லை அப்படியே விட்டுவிட்டுப் போவார், பைக்காரன் அதில் ஏறி விழுவான். அது தனிக் கதை.)

2022-ல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை, எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். ஒவ்வொன்றுக்கும் யாரோ போய் ரோட்டில் நிற்கிறார்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய, விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பார்த்துக்கொள்கிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அடிபட்டவருக்குச் செய்திருப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். காப்பாற்றப் போகிறவர் பக்கம் வந்தால் சட்டமும் பாதியில் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194இ பிரிவு, வருகிற ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் ஒதுங்கி வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்கிறது. அதே வண்டி ரோட்டோரம் நின்று வேலை பார்க்கும்போது அதைத் தாண்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, ஒரு தடம் தள்ளிப் போக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. அமெரிக்காவில் விபத்து இடத்தில் உதவிக்குப் போய் அடிபட்டுப் பிழைத்த ஒரு பாராமெடிக் (ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவர்) விடாமல் அலைந்ததால், 1996-ல் தென் கரோலினாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது. இன்று 50 மாநிலங்களிலும் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், வண்டி இழுப்பவர் எல்லோரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்து நான்கு மணி நேரத்தில் முடிக்கிற பாடமும் அங்கே உண்டு.

அந்த 'ஒரே வகுப்பு'தான் நான் கேட்பது. தனித்தனியாகப் பயிற்சி கொடுத்தால், நான் சாய்வாக நிறுத்திய வண்டியைப் போக்குவரத்து நெரிசல் என்று போலீஸ்காரர் நேராக்கச் சொல்வார். எனக்கே நடந்திருக்கிறது. டோல்கேட்டில் ஒரு தடத்தை ராத்திரி இரண்டு மணி நேரம் மூடினால் போதும். 108 ஆம்புலன்ஸை ஓட்டுகிற பைலட், அதில் வருகிற மருத்துவ உதவியாளர் (இஎம்டி), நெடுஞ்சாலை ரோந்து, தீயணைப்பு நிலையத்து ஆட்கள் எல்லோரையும் அங்கேயே நிற்கவைத்துப் பழக்கலாம். கிரேன் ஹெல்பரையும் டோல் ரோந்து வண்டியில் காண்ட்ராக்டில் இருக்கிற பையன்களையும் மறக்கக் கூடாது. கோன் எடுத்து வைப்பது அவர்கள்தான்.

போன வாரம் அப்படி ஒரு பையனைப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து ஜாக்கெட்டில் ஒளிரும் பட்டை உரிந்திருந்தது. "ரோட்ல எங்க நிக்கணும்னு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா தம்பி?" என்றேன்.

"ஓரமா நில்லுன்னாங்க சார்."

எந்த ஓரம் என்று கேட்டேன். சிரித்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீயணைப்பு ஊழியர்,
விழுப்புரம் மாவட்டம்