பீரோவில் ஒட்டிய படம்

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாற்றிக் கொடுத்த மாத்திரை கேட்கிறது. நீ போன் பண்ணி இன்றோடு பத்தொன்பது நாள். கணக்கு வைத்திருப்பது நான் இல்லை, அம்மா. கேட்டால் "அவளுக்கு வேலை இருக்கும்" என்கிறாள். காலண்டரில் மட்டும் தினமும் பென்சிலால் ஒரு கோடு விழுகிறது.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே. தொண்டையை மூடாமல் வெளியே போகாதே.

கச்சேரி மேடையில் நீ பேசியதைப் பற்றி வந்த அந்தப் பத்திரிகைச் செய்தியைச் செந்தில் அனுப்பியிருந்தான், தமிழில் மாற்றியே அனுப்பினான். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. முப்பத்தொரு வருடம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி திருத்தியவன் என்ற முறையில் இரண்டொரு விஷயம், அவ்வளவுதான்.

உன் பாட்டைப் பற்றி ஐந்து வரி, புடவைக்கு ஷூ போட்டிருந்ததைப் பற்றி இரண்டு வரி, நீ பேசியது ஒரே வரி. அதிலும் பாதிதான் மேற்கோளுக்குள். முடிவில் 'ஆவேசம்'. வீடியோவை நாலு தடவை பார்த்தேன். சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டிருக்க, பாட்டி கதை சொல்வதுபோலத்தான் பேசினாய். ஆனால் 'கூறினார்' என்று போட்டால் செய்தி சப்பென்று இருக்கும். பெண் பேசினால் ஒன்று கொந்தளிக்க வேண்டும், இல்லை கண் கலங்க வேண்டும். இந்தச் சொற்களை நானே எத்தனை பேர் வாயில் மாட்டியிருக்கிறேன்.

ஏர்தா கிட் என்று ஒரு கறுப்பினப் பாடகி. 1968 ஜனவரி 18ஆம் தேதி, வெள்ளை மாளிகையில் அதிபர் ஜான்சனின் மனைவி ஐம்பது பெண்களுக்கு மதிய விருந்து வைத்தார். தெருக்களில் குற்றம் பெருகுகிறதே, என்ன செய்யலாம் என்று பேச்சு. கிட் எழுந்து, பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பிச் சுடப்பட வைக்கிறீர்களே, அவர்கள் கெட்டுப்போகாமல் என்ன செய்வார்கள் என்ற பொருளில் பேசினார். கேட்ட கேள்விக்குப் பதில்தான். ஆனால் செய்தியானது அதிபர் மனைவியின் கண்ணீர். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் இப்படியா என்ற நியாயம். வியட்நாம் எங்கோ கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. அதன்பிறகு அமெரிக்காவில் அவருக்கு மேடை கிடைப்பதே அரிதாகி, ஐரோப்பாவில் பாடிப் பிழைத்தார். சிஐஏ அவரைப் பற்றி ஒரு கோப்பு வைத்திருந்தது 1975இல்தான் வெளியே வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் அந்தரங்க வம்பு. பின்னால் வந்த அதிபர் கார்ட்டர் அழைத்து மறுபடி அந்த வெள்ளை மாளிகைக்குள் அவர் போனது 1978இல். பத்து வருடம், கயல். அதனால்தான் விசா புதுப்பிக்கும் தேதியைக் கேட்டேன், வேறொன்றுமில்லை.

பேட்டி கேட்டு யாராவது வந்தால் உன் போனிலும் பதிவு செய்து வைத்துக்கொள். முழுதாகப் பதிவு செய்.

2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது, டிக்ஸி சிக்ஸ் (Dixie Chicks) என்ற அமெரிக்கப் பாடகிகள் குழுவின் நட்டாலி மேய்ன்ஸ் லண்டன் மேடையில் பேசியதையும் பார். இந்தப் போரும் வன்முறையும் எங்களுக்கு வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். பிறகுதான், அதிபர் புஷ் தங்கள் டெக்சாஸ்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்றார். பத்திரிகை விமர்சனத்தில் அச்சானது அந்த வெட்கம் மட்டும். 'போர் வேண்டாம்' இடம் போதாமல் போயிருக்கும். எழுதியவர் மேல் எனக்குக் கோபமில்லை, கச்சேரி விமர்சனத்தில் எவ்வளவுதான் எழுத முடியும்? ஆனால் அந்தத் துண்டுதான் கடல் தாண்டிப் போனது. அவர்கள் ஊர் வானொலிகள் பாட்டை நிறுத்தின, சி.டி.க்களைக் குவித்து டிராக்டர் ஏற்றினார்கள். அப்புறம் எந்தப் பேட்டியிலும் 'வருத்தப்படுகிறாயா' என்பதுதான் கேள்வி. போர் சரியா தவறா என்று அவரிடம் யார் கேட்டார்கள்?

வேடிக்கையாகவும் பேசாதே. உனக்குப் பாட்டியின் வாய். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் 1969இல் பிரிட்டிஷ் அரச விருதைத் திருப்பி அனுப்பியபோது நைஜீரியாவின் பியாஃப்ரா போர், வியட்நாம் போர் என்று இரண்டு காரணம் எழுதிவிட்டு, மூன்றாவதாகத் தன் பாட்டு தரவரிசையில் சரிவதையும் சேர்த்தார். எந்த வரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

பதிவு செய்து வை என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், உன் மாயா அக்கா இருக்கிறாரே, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத் தமிழ்ப் பெண். 2010இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் அவரைப் பற்றி நீளமான கட்டுரை வந்தது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே ட்ரஃபிள் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவல் தின்றாராம். ஈழத்தைப் பற்றி அவர் சொன்னதை விட அந்த வறுவல்தான் எல்லோர் நினைவிலும் நின்றது. வறுவல் வாங்கலாம் என்று சொன்னதே பேட்டி எடுத்தவர்தான் என்று காட்ட மாயா தன் ஒலிப்பதிவை வெளியிட்டார். வெவ்வேறு இடத்தில் பேசியதை ஒன்றாகச் சேர்த்தது தவறு என்று பத்திரிகையும் பிற்பாடு குறிப்புப் போட்டது. நிருபரின் போன் நம்பரை மாயா ட்விட்டரில் போட்டது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீ அதெல்லாம் செய்யாதே.

மாயா பேரை எழுதிவிட்டேன். இனி மற்றதையும் எழுதத்தான் வேண்டும்.

2009 பிப்ரவரி. நீ பத்தாவது. கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு பாடினார், குழந்தை பிறக்க நாள் குறித்திருந்ததே அன்றைக்குத்தான். ரஹ்மானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரையும் இருந்ததால் நம் பக்கத்தில் இடம் கிடைத்தது. செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியில் கடைசி மூன்று பத்தி வன்னியைப் பற்றி. அங்கே சாகிறவர்களைப் பற்றி, பேச எவரும் இல்லை என்று அவர் வருந்தியதைப் பற்றி. மூன்று பத்தியையும் அடித்தேன். மேலிடம் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. சினிமாப் பக்கம் அது, சாவு வேண்டாமே என்று நானாக நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கினேன். தலைப்பில் வயிறும் ரஹ்மானும். மூன்று மாதத்தில் முள்ளிவாய்க்கால்.

அந்தப் பக்கத்தைத்தான் நீ வெட்டி உன் பீரோ கதவில் ஒட்டினாய். "அப்பா போட்ட பக்கம்" என்று வாணியிடம் பெருமை பேசினாய். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவை அந்த அறைக்குள் போகும்போதும் சொல்லியிருக்கலாம்.

போன தடவை நீ பேசியபோது மேடையில் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவே இல்லை. "பாடகிக்கு எதற்கு இந்த வம்பு" என்றேன், பிறகு விசா. நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கும் அடித்துவிட்டேன் போலிருக்கிறது, கடைசி மூன்று பத்தியை.

வீடியோவில் நீ பேசியதில் இரண்டாவது வரி கைதட்டலில் சரியாகக் கேட்கவில்லை. செந்திலுக்கும் புரியவில்லையாம்.

செவ்வாய்க்கிழமை பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறான். படத்தை எடுக்கச் சொல்லட்டுமா, அதை விட்டுச் சுற்றி அடிக்கச் சொல்லட்டுமா? அதைச் சொல்லவாவது போன் பண்ணு. நான் பக்கத்தில் இருந்தால் பேச மாட்டாய் என்றால் அம்மா நம்பருக்குப் போடு, நான் மாடிக்குப் போய்விடுகிறேன்.

அப்பா